கப்பலும் நிற்காது, பிள்ளையும் நிற்காது

பாபநாசத்துக்கு மேலே மலையேறிப் போகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு பழகிப்போன ஒன்று. காரையாறு அணைக்குப் போனாலும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனாலும் வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். இருட்டுவதற்குள் அதே செக்போஸ்ட் வழியாகக் கீழே இறங்கிவிட வேண்டும். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் கிடக்கும் இடங்கள் அவை. மலையடிவாரத்து வி.கே.புரத்துக்காரர்கள் மலைக்குப் போகும் நாளைப் பின்னாலிருந்து கணக்குப் போடுவார்கள்: எத்தனை மணிக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு மேலேயிருந்து எப்போது கிளம்ப வேண்டும், அப்படியானால் காலையில் எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்ட வேண்டும் என்று. வெளியூரிலிருந்து வேனில் வருகிறவர்களின் கணக்கு முன்னாலிருந்து தொடங்கும்: முதலில் கோயில், அப்புறம் அகத்தியர் அருவி, அப்புறம் அணை, நேரம் இருந்தால் மணிமுத்தாறு. சின்னப் பிள்ளையோடு கப்பல் சுற்றுலா போகிறவர்கள், கப்பல் ஒரு துறைமுகத்தில் சில மணி நேரம் நிற்கும் நாளைத் திட்டமிட இந்த உள்ளூர்க் கணக்குதான் சரி என்பது என் கட்சி. அதோடு இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: அந்த நாளுக்கு ஒரே ஓர் இடம் போதும். அந்த இடம் எது என்பதை அதன் பெயரையும் புகழையும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கப்பல் கட்டியிருக்கும் துறையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்கு இது எட்டிப் பிடிக்கக்கூடிய ஒன்றானது அண்மையில்தான். 2022 ஜூனில் கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் சென்னையிலிருந்து புறப்படத் தொடங்கியது. 2023 ஜூன் 5 அன்று அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கு முதல் நடை கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள் அந்தத் திட்டத்தில் இருந்தன. பருவத்துக்குப் பருவம் வழித்தடங்கள் மாறுகின்றன, ஆகவே இன்றைக்கு எந்தக் கப்பல் எங்கே போகிறது என்பதைப் பதிவு செய்யும்போதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த மூன்று துறைமுகங்களும் எப்படித் திட்டமிடலாம், எப்படித் திட்டமிடக் கூடாது என்பதற்கு நல்ல பாடம். மூன்றும் ஒரே தீவில் இருக்கின்றன. சிறு பிள்ளைக்கு மூன்றும் மூன்று விதமான நாள்.

திருநெல்வேலிச் சீமைக்குக் கப்பல் புதிது இல்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்களை ஓட்டினார். அவருக்குப் போட்டியாக நின்ற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்குத் தூத்துக்குடியில் முகவர்களாக இருந்தவர்கள் ஏ அண்ட் எஃப் ஹார்வி, வி.கே.புரத்தில் அருவித் தண்ணீரின் விசையை நம்பிப் பஞ்சாலை வைத்தவர்களும் அவர்களே. ஆனால் அந்தக் காலத்தில் கப்பல் ஏறியவர்கள் வேலைக்கோ வியாபாரத்துக்கோ ஒரு முகவரிக்குப் போனார்கள். போன இடத்தில் மாதக்கணக்கில் இருந்தார்கள். காலையில் இறங்கி மாலையில் ஏறுகிற பயணம் நம் பழக்கத்தில் கிடையாது. நமக்குப் பழகியது வேன் சுற்றுலா. அதில் டிரைவர் நமக்காக நிற்பார். பிள்ளை வாந்தியெடுத்தால் ஓரங்கட்டுவார். ஆச்சி கோயிலுக்குள்ளிருந்து அரை மணி தாமதமாக வந்தாலும் ஒரு டீ குடித்துவிட்டுக் காத்திருப்பார். வேன் நிற்கும் என்ற உறுதியில் போடுகிற திட்டத்தை, நிற்காத கப்பலுக்கும் அப்படியே போடுகிறோம். துறைமுக நாள்கள் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். காலை 8 மணிக்குக் கப்பல் கரை சேர்கிறது, மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் 9 மணி நேரம். கயிறு கட்டியதும் யாரும் இறங்கிவிட முடியாது. அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் ஒரே ஏணிப்பாலத்தை நோக்கி வருவார்கள். வெளிநாட்டுத் துறைமுகமானால் குடிவரவுச் சோதனையும் உண்டு. பிள்ளைக்குச் சோறு ஊட்டி, டயாப்பர் மாற்றித் துறைமுக வாசலைத் தாண்டும்போது 9.30 மணி ஆகிவிட்டால் அது நல்ல வேகம். இப்போது மறுமுனைக்கு வருவோம். 5 மணிக்குப் புறப்படும் கப்பலில் பயணிகள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏறியிருக்க வேண்டும். 4 மணி என்று கொள்வோம். வாசலில் பாதுகாப்புச் சோதனை, வரிசை எல்லாம் சேர்த்து 3 மணிக்குத் துறைமுக வாசலில் இருப்பது நல்லது. வண்டி கிடைக்காமல் போவதற்கும் வழியில் நெரிசலுக்கும் அரை மணியை ஒதுக்கி வைக்க வேண்டும். பார்க்கப் போகும் இடம் அரை மணித் தூரத்தில் இருந்தால், 10 மணிக்குப் போய்ச் சேர்ந்து 2 மணிக்குக் கிளம்புவோம். அந்த நான்கு மணி நேரத்திலும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பிள்ளைக்குச் சொந்தம். பன்னிரண்டரைக்கு மேல் பசி வரும், பசி ஆறியதும் தூக்கம் வரும், இரண்டும் சேர்ந்து வந்தால் அழுகை வரும். ஆக, 9 மணி நேரம் என்று விளம்பரத்தில் பார்த்தது கையில் இரண்டரை மணி நேரமாக வந்து நிற்கிறது. அதே கணக்கில் ஒன்றரை மணித் தூரத்தில் உள்ள இடத்தைப் போட்டுப் பாருங்கள். 11 மணிக்குப் போய், 1 மணிக்குக் கிளம்ப வேண்டும். பார்க்க இரண்டு மணி, வண்டியில் மூன்று மணி.

வண்டியில் போகும் மூன்று மணி நேரத்தைப் பெரியவர்கள் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. சன்னல் ஓரம் உட்கார்ந்தால் அதுவே சுற்றுலா. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தள்ளுவண்டியிலோ இருக்கையிலோ குழந்தையை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போட்டு வைக்கக் கூடாது என்கிறது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. சுற்றுலாவில் ஒரு நாள் இது தவறினால் குடி முழுகிப்போகாது, உண்மைதான். ஆனால் கப்பலில் முதல் நாள் ராத்திரியே பிள்ளை சரியாகத் தூங்கியிருக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். புது இடம், எஞ்சின் அதிர்வு, ராத்திரி பத்து மணி வரை பாட்டும் கூத்தும். தூக்கக் கடனோடு காலையில் இறங்குகிற பிள்ளையை ஒன்றரை மணி நேரம் வண்டியில் வைத்தால், போய்ச் சேரும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்பினால் கோயிலும் தெரியாது, கோட்டையும் தெரியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிள்ளை எதைப் பார்க்கிறது? பாபநாசம் கோயில் படித்துறையில் ஒரு விடுமுறை நாள் முழுக்க இதற்கான விடை கிடைக்கும். பெரியவர்களுக்கு அங்கே முக்கியம் பாபநாசநாதர், தாமிரபரணி முழுக்கு, மேலே 143 அடி காரையாறு அணை. பிள்ளைகளுக்கு முக்கியம் படித்துறை மீன்கள். பொரியை விட்டெறிந்ததும் கூட்டமாக மேலே வரும் கரிய முதுகுகளை விட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் தானாக நகர்ந்ததாகச் சொல்ல முடியாது. அணையின் மேல் நிற்கும்போதோ, கைப்பிடிச் சுவர் தலைக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. தன் உயரத்தில் இருப்பது, அசைவது, தன் கைச்செயலுக்குப் பதில் கொடுப்பது: இந்த மூன்றும் இருந்தால் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போதாது. இவை இல்லாவிட்டால் பத்து நிமிடமே நீளம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பிள்ளையின் உயரத்தில் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டாலே பட்டியலில் பாதி அடிபட்டுப்போகும்.

இந்த இரண்டு அளவுகோல்களையும், அதாவது தூரத்தையும் பிள்ளையின் உயரத்தையும், மூன்று இலங்கைத் துறைமுகங்கள் மீதும் வைத்துப் பார்க்கலாம். இதில் எளிதானது திருகோணமலை. கோணேசர் கோயில் நகரத்திலேயே, பிரெடரிக் கோட்டைக்குள், கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையின் உச்சியில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்ச்சுக்கீசியர் 1622-ல் இடித்து, அதன் கல்லையும் கொண்டு கோட்டை கட்டினார்கள் என்பது பெரியவர்களுக்கான செய்தி. பிள்ளைக்கான செய்தி கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆளுக்கு அஞ்சாமல் திரிகின்றன என்பது. துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆட்டோ கிடைக்கும், மான் பார்த்து, மேலே ஏறிச் சாமி கும்பிட்டு, கடலை எட்டிப் பார்த்து இறங்கினால் காலைப் பொழுது நிறைவாகப் போய்விடும். இதோடு கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் நிலாவெளிக் கடற்கரையையும் புறாத்தீவையும் சேர்க்கச் சொல்லி வண்டிக்காரர்கள் வற்புறுத்துவார்கள். கன்னியா ஏழு கிணறுகள் பக்கத்தில்தான் இருக்கின்றன, பிள்ளை விழித்திருந்தால் போகலாம். புறாத்தீவுக்கு நிலாவெளியிலிருந்து மறுபடி படகேற வேண்டும். கடல் பயணத்தின் நடுவே ஒரு நாள் கரையேறிவிட்டு, அந்த நாளிலும் படகில் ஏறுவதற்குப் பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

காங்கேசன்துறை சிக்கலான கேள்வி. அங்கே இறங்கும் தமிழர் மனம் யாழ்ப்பாணத்தை நோக்கித்தான் போகும்: நல்லூர்க் கந்தசுவாமி கோயில், 1981-ல் எரிக்கப்பட்டுப் பிறகு திரும்பக் கட்டப்பட்ட நூலகம், கோட்டை. யாழ் நகரம் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ஆனால் பக்கத்திலேயே, வேறு திசையில், கீரிமலை இருக்கிறது. கடலை ஒட்டியே நல்ல தண்ணீர் ஊற்றுக் கேணி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, அருகில் நகுலேஸ்வரம் கோயில். வழியில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். குதிரை முகத்தோடு பிறந்த இளவரசி கீரிமலையில் நீராடி முகம் மாறினாள், அவள்தான் மாவிட்டபுரத்தில் கோயில் எடுத்தாள் என்பது தலக்கதை. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தலபுராணம் வேறு கிடைக்காது; கதையைக் கேட்டுவிட்டு அந்தத் தண்ணீரிலேயே காலை நனைக்கவும் முடியும். என் அளவுகோல்படி விடை கீரிமலை. தாமிரபரணிப் படித்துறைக்குப் பழகிய வீட்டுப் பிள்ளையானாலும் கேணியில் கையைப் பிடித்தே இறக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

அம்பாந்தோட்டையில்தான் தூரம் நம்மை ஏமாற்றும். கதிர்காமம் என்ற பெயர் காதில் விழுந்ததும் யாருக்கும் கால் நிற்காது. துறைமுகத்திலிருந்து அது நகரத்தைக் கடந்து, கிழக்கே நெடுந்தூரம் போக வேண்டிய இடம். யால தேசியப் பூங்காவும் அப்படியே. ஜீப்பில் குலுங்கிப் போய், புலி வரும் சிறுத்தை வரும் என்று காத்திருப்பது பத்து வயதுக்கு மேல் உள்ளவர்கள் செய்யக்கூடிய வேலை (இலங்கைக் காட்டில் புலியே கிடையாது என்பது வேறு விஷயம்). துறைமுகத்துக்கு அருகே மிரிஜ்ஜவிலவில் உலர்வலயத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. நிழலும் புல்வெளியும் ஓடுவதற்கு இடமும் உண்டு. அதற்குப் போகலாம். அல்லது அன்றைக்குக் கப்பலை விட்டு இறங்காமலே இருக்கலாம். எல்லாரும் கரைக்குப் போன பிறகு கப்பலின் நீச்சல் குளத்தில் இடிபாடு இல்லை, சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை இல்லை. கட்டணம் முழுதும் கொடுத்த கப்பலை ஒரு நாள் பிள்ளைக்கே விட்டுக்கொடுப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு பணத்தின் பேரில் வரும். இவ்வளவு செலவு செய்து போகிறோம், இனி எப்போது போகப் போகிறோம், ஒரே ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருவதா என்பார்கள். நம் பக்கத்து உதாரணத்தையும் எடுத்து நீட்டுவார்கள்: மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நவகைலாயச் சிறப்புப் பேருந்து பாபநாசத்தில் தொடங்கிச் சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி வழியாகச் சேர்ந்தபூமங்கலம் வரை ஒரே நாளில் ஒன்பது கோயில்களைக் காட்டிவிடுகிறதே, அதில் குழந்தைகளும்தானே வருகிறார்கள்? வருகிறார்கள். ஆனால் நவகைலாயத்தில் ஒன்பது என்ற எண்ணுக்கே பொருள் உண்டு. எட்டோடு நின்றால் நேர்ந்துகொண்டது நிறைவேறாது. துறைமுகப் பட்டியலுக்கு அப்படி ஒரு நேர்ச்சை கிடையாது. பயண முகவர் தாளில் ஐந்து இடம் அச்சடித்திருப்பதால் அது ஐந்து. இன்னொன்று, நவகைலாயப் பேருந்து ஏறியவர் எல்லாரையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நகரும். அந்தப் பேருந்தையே நண்பகல் நடைசாத்தல்தான் ஆட்டிவைக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்: பன்னிரண்டு மணிக்குள் எத்தனை கோயில் என்பதில்தான் அதன் முழுத் திட்டமும். கோணேசருக்கும் நல்லூருக்கும் போகிறவர்களும் நண்பகல் நடைசாத்தலைப் பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். கொச்சியில் இறங்குகிறவர்களுக்கு இதே பிரச்சினை கிழமையாக வரும். 1568-ல் கட்டிய மட்டாஞ்சேரி யூதர் தொழுகைக்கூடம் வெள்ளி, சனிக்கிழமைகளில் பார்வையாளருக்கு மூடியிருக்கும். பக்கத்து அரண்மனை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை விடுமுறை. மூடிய கதவைப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுவதில் போகும் நேரமும் செலவுக் கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது மறுப்பு மனத்தைத் தொடுவது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. காங்கேசன்துறை வரை வந்தவர் நூலகத்தை, நல்லூரைப் பார்க்காமல் கீரிமலையோடு திரும்புவதா? என் பதில் இரண்டு வகை. குடும்பத்தைப் பிரித்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் தாத்தா, ஆச்சி, அத்தை என்று எட்டுப் பத்துப் பேராகத்தானே கிளம்புகிறோம். பிள்ளையோடு இரண்டு பேர் கீரிமலைக்குப் போக, மற்றவர்கள் தனி வண்டியில் யாழ்ப்பாணம் போய் வரலாம். இதில் ஒரு வசதி, பிள்ளைக்கு வேண்டியதுதான் ஆச்சிக்கும் வேண்டும்: நிழல், உட்கார இடம், பக்கத்தில் கழிப்பறை, நேரத்துக்குச் சாப்பாடு. பிள்ளைக்காகப் போட்ட திட்டத்தில் முட்டி வலிக்காரர்கள் கேட்காமலே சேர்ந்துகொள்வார்கள். இன்னொரு பதில், யாழ்ப்பாணத்தை நான்கு மணி நேரத்தில் பார்க்க முயல்வதே அதற்குச் செய்யும் குறை. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். அதில் போய் மூன்று ராத்திரி யாழ்ப்பாணத்தில் தங்கினால் நூலகமும் நல்லூரும் நெடுந்தீவும் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்காமலே பார்த்துவிடலாம்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது: தாமதம் என்ற பயமே வேண்டாம், கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவிலேயே சேர்ந்துவிடலாம் என்பது. இதில் உண்மை இருக்கிறது. பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் தங்கள் சொந்தச் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் அதற்குக் காத்திருக்கும், அல்லது பயணிகளை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை ஏற்கும். நாமாக வண்டி பிடித்துப் போனால் அந்தப் பொறுப்பு நம் தலையில். ஆகவே தூரத்து இடத்துக்குப் போயே தீர வேண்டும் என்றால் அதுதான் வழி. ஆனால் அந்தப் பேருந்தில் நாற்பது பேர். கழிப்பறைக்கு நிறுத்தச் சொல்ல முடியாது, தூங்கும் பிள்ளைக்காக ஒரு நிறுத்தத்தை விட முடியாது, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதியில் திரும்ப முடியாது. பாதியில் திரும்பும் வழி கையில் இருப்பதுதான் சின்னப் பிள்ளையோடு போகும் நாளுக்கு முதல் தேவை. பக்கத்து இடத்துக்குத் தனி ஆட்டோவில் போகிறவருக்கு அது எப்போதும் உண்டு. தாமதமாகும் அபாயமும் அவருக்குக் குறைவு, ஏனென்றால் சில கிலோமீட்டரை வேறு வழி இல்லாவிட்டால் நடந்தே கடந்துவிடலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதே கணக்கு வேறு பெயர்களில் வரும். பினாங்கில் கப்பல் கட்டும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டை, லிட்டில் இந்தியா, 1833-ல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் எல்லாம் தள்ளுவண்டி போகும் தூரம்; இட்லி கிடைக்கும், தயிர் கிடைக்கும். போர்ட் கிளாங்கில் இறங்கினால் கோலாலம்பூருக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பத்துமலை அதற்கும் வடக்கே, அங்கே போனதும் 272 படி. ஒரே கட்டணம், ஒரே மாதிரி அறை, இரண்டு கப்பல்கள் என்றால், சிறு பிள்ளை உள்ளவர்கள் பினாங்கு போகும் கப்பலை எடுப்பதே மேல். தாய்லாந்தின் புக்கெட்டில் பெரும்பாலும் கப்பல் கரையில் கட்டாது. பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் ஆளை இறக்கும். அங்கே கணக்கில் கடைசிப் படகின் நேரத்தைத்தான் கப்பலின் நேரமாகக் கொள்ள வேண்டும்; படகுக்குப் போக வரத் தலா அரை மணியைக் கழித்துவிட வேண்டும்; அலையடிக்கும்போது படகுக்கும் கப்பலுக்கும் நடுவே தாண்டுவதற்குத் தள்ளுவண்டியை மடித்து ஒருவர், பிள்ளையைத் தூக்கி ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்னால். கரையில் இறங்கியதும் கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும், கப்பலோ தன் நேரத்திலேயே இருக்கலாம். பழைய கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்துக் கட்டிக்கொள்வதே போதும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் சென்னைக் கப்பலில் இந்தத் தொல்லை கிடையாது.

எடுத்துப்போகும் பொருள்களைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். பெற்றோர் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கும் காலம் போய்விட்டது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையைப் பல கப்பல்கள் ஏற்றுவதே இல்லை. சமைத்த உணவைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகப் பல துறைமுகங்களில் தடை இருப்பதால், உறை பிரிக்காத பிஸ்கட், தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆகியவற்றை ஊரிலிருந்தே வாங்கிப் போவது நல்லது. கோயிலுக்குப் போகும் நாளில் ஒரு ஜோடி தடித்த காலுறை பையில் இருக்கட்டும். பதினொரு மணிக் கருங்கல் பிரகாரம் பெரியவர் காலையே சுடும். தள்ளுவண்டி கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் உதவும், படியுள்ள கோயிலில் சுமை. கப்பல் கொடுத்த அட்டையின் எண்ணையும் பெற்றோர் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் சட்டைப் பையில் வைத்துத் தைத்துவிட்டால், ஆடித் திருவிழாக் கூட்டத்தில் செய்வது போலத்தான், ஒரு பயம் குறையும்.

கடைசியாக வானிலை. கப்பல் நிறுவனங்கள் எந்தத் துறைமுகத்தையும் உறுதியாகத் தருவதில்லை; காற்றோ அலையோ மிகுந்தால் கப்பல் தலைவர் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், பயணச்சீட்டின் நிபந்தனையிலேயே அது இருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திருகோணமலைக் கடலும் காங்கேசன்துறைக் கடலும் குணம் மாறும்; நாகப்பட்டினக் கப்பலும் தொடங்கிய அக்டோபரிலேயே அந்தப் பருவத்துக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. அதனால் பிள்ளையிடம் முன்கூட்டியே இடத்தின் பெயரையும் அங்கே இருக்கும் மானையும் சொல்லி வைக்காமல் இருப்பது நல்லது. பெரியவர்களுக்குத் துறைமுகம் ரத்து என்றால் ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான். மான் என்று கேட்டுவிட்ட பிள்ளைக்கு அடுத்த இரண்டு நாளும் அந்தக் கப்பலில் மான் வேண்டும்.